டாக்டரிடம் வராதவர்களுக்கு யார் வைத்தியம் பார்ப்பது?

உங்கள் வீட்டில் கல்யாணம் நடந்திருக்கிறதா? அப்படியானால் இரண்டு நோட்டுகளைக் கட்டாயம் பார்த்திருப்பீர்கள். ஒன்று, பத்திரிகை வைக்கவேண்டியவர்களின் பெயர்களை எழுதிய நோட்டு. இன்னொன்று, மொய் நோட்டு. கல்யாணம் முடிந்த இரண்டாம் நாள் வீட்டுப் பெரியவர்கள் இரண்டையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு, "திருச்சி பெரியப்பா வரலையே... என்ன கோபமோ?" என்று ஆரம்பிப்பார்கள். வந்தவர் யார் என்று மொய் நோட்டு சொல்லிவிடும். வராதவர் யார் என்று தெரியவேண்டுமானால் முதல் நோட்டு இல்லாமல் முடியாது.

எங்களைப் போன்ற வைத்தியர்கள் கையில் இருப்பது மொய் நோட்டு மட்டும்தான்! இன்றைக்கு யார் வந்தார்கள், என்ன சொன்னார்கள், என்ன மருந்து கொடுத்தோம் எல்லாம் பதிவேட்டில் இருக்கும். ஆனால் என் கிளினிக் இருக்கிற தெருவில் சர்க்கரை நோய் உள்ளவர்கள் மொத்தம் எத்தனை பேர்? அதில் வைத்தியமே பார்க்காமல் இருப்பவர்கள் எத்தனை பேர்? எனக்குத் தெரியாது. அடுத்த தெருவில் எம்.டி. படித்த டாக்டர் இருக்கிறார். அவருக்கும் தெரியாது. நாங்கள் இருவருமே கதவைத் திறந்து வைத்துக்கொண்டு, வருகிறவர்களைப் பார்க்கிறவர்கள்.

ஆளுக்குப் பார்க்கிற வைத்தியம் ஒன்று. ஊருக்குப் பார்க்கிற வைத்தியம் வேறு. சித்த மருத்துவப் படிப்பில் 'நோய் அணுகாவிதி ஒழுக்கம்' என்று ஒரு பாடம் உண்டு. எப்போது எழுவது, எதைச் சாப்பிடுவது, எத்தனை நாளைக்கு ஒரு தரம் எண்ணெய் தேய்த்துக் குளிப்பது என்று நம் முன்னோர் வகுத்த ஒழுங்குகளெல்லாம் அதில்தான் வரும். அருமையான விஷயங்கள். ஆனால் பெரும்பாலும் அவை ஒரு மனிதனைப் பார்த்துச் சொன்னவை. அதே பாடத்தில் குடிநீர், கழிவுநீர், தடுப்பூசி, புள்ளிவிவரம் என்றும் ஒரு பகுதி இருக்கிறது. மாணவர்களுக்கு அது வேப்பங்காய்! பரீட்சைக்கு முந்தின ராத்திரிதான் புரட்டுவார்கள். ஊருக்கு வைத்தியம் என்பது அந்தப் பகுதியில்தான் இருக்கிறது.

அதன் முதல் வேலை, ஊரில் உள்ள எல்லோரையும் நோட்டில் எழுதுவது. இரண்டாவது வேலை, வராதவரைத் தேடிப் போவது. கேட்பதற்குச் சாதாரணமாக இருக்கிறது, இல்லையா? ஆனால் நம் நாட்டிலிருந்து போலியோவை விரட்டியது இந்த இரண்டு வேலைகள்தான்.

1995-ல் பல்ஸ் போலியோ ஆரம்பித்தது. சொட்டு மருந்து முகாமுக்கு எத்தனை குழந்தைகள் வந்தார்கள் என்று எண்ணிச் சந்தோஷப்பட்டுவிட்டு ஊழியர்கள் வீட்டுக்குப் போய்விடவில்லை. அடுத்தடுத்த நாட்களில் வீடு வீடாகப் போனார்கள். எல்லாக் குழந்தைகளும் சொட்டு மருந்து குடித்துவிட்ட வீட்டின் சுவரில் 'பி' என்று சாக்பீஸால் எழுதினார்கள். ஒரு குழந்தை விடுபட்டிருந்தாலும், வீடு பூட்டியிருந்தாலும், 'வேண்டாம்' என்று சொல்லியிருந்தாலும் பெருக்கல் குறி. பெருக்கல் குறி போட்ட வீட்டுக்குத் திரும்பப் போக வேண்டும் என்பது கணக்கு. பாட்டி வீட்டுக்குப் போன குழந்தை, செங்கல் சூளையில் இருந்த குழந்தை, ரயிலில் போய்க்கொண்டிருந்த குழந்தை என்று தேடித் தேடிக் கொடுத்தார்கள். 2011 ஜனவரியில் மேற்கு வங்கத்தின் ஹவுராவில் ஒரு சிறுமிக்கு வந்ததுதான் நம் நாட்டின் கடைசி போலியோ. 2014 மார்ச்சில் உலக சுகாதார நிறுவனம் சான்றிதழே கொடுத்துவிட்டது. அந்தச் சான்றிதழில் பாதிப் பெருமை பெருக்கல் குறிக்குத்தான் சேரவேண்டும் என்பேன்.

போலியோ ஒட்டுகிற நோய். ஒட்டாத நோய்க்கும் இந்த முறை செல்லுமா?

செல்லும் என்று செய்து காட்டியவர் ஒரு சாதாரணக் கிராமத்து டாக்டர். பெயர் ஜூலியன் டியூடர் ஹார்ட். பிரிட்டனின் வேல்ஸ் பகுதியில் கிளின்கோருக் என்று நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளிகள் வாழ்ந்த ஒரு கிராமம். ஜனத்தொகை இரண்டாயிரம் அளவில்தான். 1961-ல் அங்கே வைத்தியம் பார்க்கப் போனவர், 1960-களின் கடைசியில் ஒரு காரியத்தைத் தொடங்கினார். இருமலுக்கு வந்தாலும் சரி, விரலில் அடிபட்டு வந்தாலும் சரி, கையில் பட்டையைக் கட்டி ரத்த அழுத்தம் பார்த்துவிடுவது! அப்புறம் பதிவேட்டை எடுத்து, யார் யார் இன்னும் வரவில்லை என்று பட்டியல் போட்டு, ஒவ்வொருவராகத் தேடிப் பிடித்தார். அந்தப் பட்டியலில் கடைசி வரைக்கும் நழுவிக்கொண்டே இருந்தவர் ஒருவர். ஒரு வழியாக அவரையும் பிடித்து அளந்து பார்த்தால்... அந்த ஊர் ஆண்களிலேயே மிக அதிக ரத்த அழுத்தம் அவருக்குத்தான்!

அந்த மனிதருக்கு வலி இல்லை, மயக்கம் இல்லை. அவராக டாக்டரிடம் வந்திருக்கவே மாட்டார். வந்திருந்தால் ஒருவேளை பக்கவாதத்தோடு ஸ்ட்ரெச்சரில்தான் வந்திருப்பார். ஹார்ட் இப்படி 25 வருஷம் விடாமல் செய்துவிட்டு, 1991-ல் கணக்கை வெளியிட்டார். அந்த ஊரில் 65 வயசுக்குள் இறப்பவர்கள், அதே மாதிரி ஏழ்மையான பக்கத்து ஊரைவிடக் கிட்டத்தட்ட 30 சதவீதம் குறைவாக இருந்தார்கள். புது மருந்து எதையும் அவர் கண்டுபிடிக்கவில்லை. எல்லா டாக்டர்களிடமும் இருந்த அதே பட்டை, அதே மாத்திரை. வராதவர்கள் பட்டியல் அவரிடம் இருந்தது. அவ்வளவுதான் வித்தியாசம்.

பாதி, பாதியில் பாதி

அந்தக் காலத்து மருத்துவர்கள் 'பாதிக் கணக்கு' ஒன்று சொல்வார்கள். ரத்த அழுத்தம் உள்ளவர்கள் 100 பேர் என்றால், தனக்கு அது இருப்பது தெரிந்தவர்கள் 50 பேர். அந்த 50-ல் வைத்தியம் பார்ப்பவர்கள் 25. அந்த 25-ல் அழுத்தம் கட்டுக்குள் இருப்பவர்கள் 12 அல்லது 13. மீதி 87 பேர் நம்மோடுதான் பஸ்ஸில் வருகிறார்கள், சமையல் செய்கிறார்கள், சீரியல் பார்க்கிறார்கள்.

நம் தமிழ்நாட்டுக் கணக்கு என்ன தெரியுமா? 2020-ல் மாநிலம் முழுக்க ஒரு ஆய்வு செய்தார்கள். பெரியவர்களில் மூன்று பேருக்கு ஒருவர் என்ற அளவில் ரத்த அழுத்தம் இருந்தது. சரி, அது ஊரறிந்த விஷயம். ஆனால் அழுத்தம் உள்ளவர்களில் அது கட்டுக்குள் இருந்தவர்கள் 7.3 சதவீதம்தான்! சர்க்கரையில் 10.8 சதவீதம். பாதிக் கணக்கைவிட மோசம். இத்தனைக்கும் தெருவுக்கு ஒரு மருந்துக் கடை, ஊருக்கு ஒரு ஆரம்ப சுகாதார நிலையம் என்று இருக்கிற மாநிலம் இது.

அடுத்த வருஷம், 2021 ஆகஸ்ட் 5-ந் தேதி 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டம் கிருஷ்ணகிரி மாவட்டத்தில் தொடங்கியது. பெயரிலேயே விஷயம் இருக்கிறது பாருங்கள். மகளிர் சுய உதவிக் குழுக்களிலிருந்து வந்த பெண்கள் பையைத் தோளில் போட்டுக்கொண்டு வீட்டுக்கு வருகிறார்கள், ரத்த அழுத்தம் பார்க்கிறார்கள், விரல் நுனியில் சொட்டு ரத்தம் எடுத்து சர்க்கரை பார்க்கிறார்கள், ஏற்கெனவே நோய் தெரிந்தவர்களுக்கு மாத்திரையைக் கையில் கொடுக்கிறார்கள். படுக்கையில் இருப்பவர்களுக்குப் பிசியோதெரபிகூட வீட்டில் நடக்கிறது. 2023-24-ல் மறுபடி ஆய்வு செய்தபோது ரத்த அழுத்தம் கட்டுக்குள் இருப்பவர்கள் 17 சதவீதம் அளவுக்கு வந்திருந்தார்கள். சந்தோஷமான செய்திதான். ஆனாலும் நூற்றில் 83 பேர் இன்னும் பாக்கி இருக்கிறார்களே!

"அதெல்லாம் ஏழை ஜனங்களுக்கு சார். நாங்கதான் வருஷா வருஷம் மாஸ்டர் செக்கப் பண்ணிக்கறோமே" என்பீர்கள். இங்கேதான் அந்த வேல்ஸ் டாக்டர் இன்னொரு குட்டு வைக்கிறார். 1971-ல் 'லான்செட்' மருத்துவ இதழில் அவர் எழுதிய கட்டுரையின் சாரம் இது: நல்ல வைத்தியம் யாருக்கு மிகவும் தேவையோ, அவர்களுக்குத்தான் அது குறைவாகக் கிடைக்கிறது. ஏழை, பணக்காரர் என்பது மட்டுமல்ல. ஒரே வீட்டுக்குள்ளும் இந்த விதி வேலை செய்கிறது!

நம்பிக்கை இல்லையா? உங்கள் வீட்டையே ஒரு சின்ன ஊராக நினைத்துக்கொள்ளுங்கள். ஆறு பேர். ஒரு தாளில் பெயர்களை எழுதி, ஒவ்வொரு பெயருக்கு எதிரிலும் கடைசியாக ரத்த அழுத்தம் பார்த்த தேதியை எழுதுங்கள். அப்பாவுக்குப் போன மாதத் தேதி இருக்கும். மாமனாருக்கு ஃபைலே இருக்கும். ஜிம்முக்குப் போகும் பையன் கைக்கடிகாரத்தைப் பார்த்தே இதயத் துடிப்பைச் சொல்லுவான். அம்மா பெயருக்கு எதிரே? பெரும்பாலான வீடுகளில் அந்த இடம் காலி. கடைசிப் பிரசவத்தின்போது பார்த்ததாக இருக்கும்!

முழங்கால் வலிக்குக் கணவரை அழைத்துக்கொண்டு என்னிடம் வருகிற பெண்கள் நிறையப் பேர். அவருடைய மாத்திரைப் பெயர், பத்தியம், போன தடவை வந்த தேதி எல்லாம் அந்த அம்மாவுக்குத்தான் மனப்பாடமாகத் தெரியும். "நீங்களும் கையை நீட்டுங்கம்மா, பார்த்துடலாம்" என்றால், "எனக்கென்ன சார், நான் நல்லாத்தானே இருக்கேன்!" என்று ஒரு சிரிப்பு. அப்படிச் சிரித்த ஒரு 52 வயசுப் பெண்மணிக்கு 180-க்கு 110 இருந்தது. பத்து நிமிஷம் உட்காரவைத்து மறுபடி பார்த்தேன், அதேதான். அன்றைக்கே பொது மருத்துவரிடம் அனுப்பினேன். 'லேசாத் தலை பாரம்' என்பதைக்கூட நான் துருவிக் கேட்ட பிறகுதான் சொன்னார். கிளின்கோருக்கின் கடைசி மனிதர் நம் வீட்டுச் சமையலறையில் இருக்கிறார்.

எல்லோருக்கும் ஒரே கவனிப்பு வேண்டாம்

நோட்டு எழுதியாகிவிட்டது. அடுத்தது பிரிப்பது. அரிசியைப் புடைக்கிற மாதிரிதான். ஆரோக்கியமாக இருப்பவர்கள் ஒரு பக்கம். எடை கூடியவர்கள், புகை பிடிப்பவர்கள், பெற்றோருக்குச் சர்க்கரை உள்ளவர்கள் என்று நாளைக்கு நோய் வரக்கூடியவர்கள் ஒரு பக்கம். நோய் இருந்தும் கட்டுக்குள் வைத்திருப்பவர்கள் இன்னொரு பக்கம். நோய் முற்றி கால் புண், சிறுநீரகக் கோளாறு, பார்வை மங்கல் என்று போனவர்கள் கடைசிப் பக்கம். முதல் கூட்டத்துக்கு வருஷத்துக்கு ஒரு தரம் பார்த்தால் தாராளம். கடைசிக் கூட்டத்துக்கு மாதம் ஒரு தரம்கூடப் போதாது. நம் ஊரில் நடப்பது தலைகீழ். 'கோல்டு பேக்கேஜ்', 'டைமண்ட் பேக்கேஜ்' என்று முதல் கூட்டத்தின் ரத்தத்தையே திரும்பத் திரும்ப எடுத்துக்கொண்டிருக்கிறோம்!

பிரித்துவிட்டு மாத்திரை இல்லையென்றால்? அதைவிடப் பாவம் கிடையாது. பஸ் பிடித்து வந்தவரை "ஸ்டாக் இல்லை, அடுத்த வாரம் வாங்க" என்று ஒரு தடவை சொன்னால் போதும், அவர் அப்புறம் வரவே மாட்டார். இந்த விஷயத்தில் தமிழ்நாடு நாட்டுக்கே வழிகாட்டியது என்று பெருமையாகச் சொல்லலாம். 1994-ல் தமிழ்நாடு மருத்துவ சேவைக் கழகத்தைத் தொடங்கினார்கள். அரசு ஆஸ்பத்திரிகளுக்குத் தேவையான மருந்துகளுக்குப் பட்டியல் போட்டு, மொத்தமாக டெண்டர் விட்டு, ஆய்வுக்கூடத்தில் தரம் பார்த்து, மாவட்டக் கிடங்குகளில் வைத்துக் கொடுக்கிற அமைப்பு. ஒவ்வொரு ஆஸ்பத்திரிக்கும் பாங்க் மாதிரி பாஸ்புக் உண்டு! எவ்வளவுக்கு மருந்து எடுத்தோம், பாக்கி எவ்வளவு என்று அதில் ஏறிவிடும். கேரளமும் ராஜஸ்தானும் இதைப் பார்த்துத்தான் தங்கள் கழகங்களை அமைத்தன. ஊருக்கு வைத்தியம் என்பதில் ஸ்டெதாஸ்கோப்பைவிட கிடங்கு அதிகாரியின் பேரேடு முக்கியமான சமயங்கள் நிறைய உண்டு.

இனி கொஞ்சம் நுணுக்கமான விஷயம். 1985-ல் ஜெஃப்ரி ரோஸ் என்ற ஆங்கிலேய மருத்துவர் ஒரு புதிரைச் சொன்னார். மிக அதிக அழுத்தம் உள்ளவர்களுக்குப் பக்கவாதம் வரும் வாய்ப்பு அதிகம்தான். ஆனால் அவர்கள் எண்ணிக்கையில் கொஞ்சம் பேர். லேசாகக் கூடியிருப்பவர்களுக்கு வாய்ப்பு குறைவு. ஆனால் அவர்கள் ஏராளமானவர்கள். ஆகவே மொத்தத்தில் இந்த 'லேசான' கூட்டத்திலிருந்து வருகிற நோயாளிகளே அதிகமாக இருக்கலாம்! அதனால் ஆபத்தில் இருப்பவரை மட்டும் பிடித்து வைத்தியம் பார்த்தால் போதாது, மொத்த ஜனங்களின் அளவையும் ஒரு படி கீழே இறக்கவேண்டும் என்றார்.

அதை எப்படிச் செய்வது? பின்லாந்து நாட்டில் வடக்கு கரேலியா என்று ஒரு மாகாணம். பால் மாடு, வெண்ணெய், உப்பு என்று வாழ்ந்த ஜனங்கள். நடு வயசு ஆண்கள் மாரடைப்பில் சரசரவென்று செத்துக்கொண்டிருந்தார்கள். 1972-ல் பெக்கா புஸ்கா என்ற இளம் மருத்துவரின் தலைமையில் ஒரு திட்டம் தொடங்கியது. ஆஸ்பத்திரி கட்டவில்லை. குடும்பத் தலைவிகளின் 'மார்த்தா' சங்கத்தைப் பிடித்தார்கள். கொழுப்பும் உப்பும் குறைத்து, காய்கறி கூட்டிச் சமைத்து ஊர் ஊராகப் பரிமாறிக் காட்டினார்கள். தொழிற்சாலைகளிடம் பேசிப் பண்டங்களில் உப்பைக் குறைக்க வைத்தார்கள். புகையை எதிர்த்தார்கள். நாற்பது வருஷத்தில் அங்கே உழைக்கும் வயசு ஆண்களின் இதயநோய் மரணம் 80 சதவீதத்துக்கும் மேல் குறைந்தது.

நம் வீட்டுக்கு இதை எடுத்துக்கொண்டால், முதலில் உப்பு. ஒருவருக்கு ஒரு நாளைக்கு 5 கிராமுக்குள் இருக்கட்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். அதாவது, தலை தட்டின ஒரு டீஸ்பூன். சாம்பார், ரசம், பொரியல், மோர், ஊறுகாய், அப்பளம், சாயங்கால மிக்சர் எல்லாம் சேர்த்து! 'அப்பாவுக்கு பி.பி., அவருக்கு மட்டும் உப்பில்லாமல் தனியாக வைத்துவிடு' என்கிற பழக்கத்தை நான் ஆதரிப்பதில்லை. அவர் பரிதாபமாக முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு நாலாம் நாள் ஊறுகாய் ஜாடியைத் திறப்பார். குழம்புக்கே கால் பங்கு உப்பைக் குறைத்துவிடுங்கள். கொஞ்ச நாள் முணுமுணுப்பு இருக்கும். ஒரு மாதத்தில் நாக்கு பழகிவிடும். புளியும் மிளகும் கொத்தமல்லியும் எதற்கு இருக்கின்றன?

டெங்கு விஷயத்தில் 'என் வீடு சுத்தம்' என்பதே செல்லாது. ஏடிஸ் கொசு சுத்தமான தண்ணீரில் முட்டையிடுகிறது. ஒரு வாரம் பத்து நாளில் கொசுவாகிப் பறக்கிறது. முட்டைகள் காய்ந்த பாத்திரத்தில் மாதக்கணக்கில் உயிரோடு இருக்கும். அடுத்த வீட்டு மாடியில் கிடக்கிற பழைய டயர் உங்கள் குழந்தையின் காய்ச்சல்! 2012-ல் டெங்கு பரவியபோது நிலவேம்புக் குடிநீரைத் தமிழக அரசு ஊர் ஊராகக் கொடுத்தது. அது முதல் எங்கள் மருந்துக்கு வீட்டுக்கு வீடு மரியாதை. எனக்கும் மகிழ்ச்சிதான். ஆனால் சித்த வைத்தியனாகவே சொல்கிறேன், தொட்டியை மூடாமல், ஃபிரிட்ஜ் பின்னால் உள்ள தட்டைக் கழுவாமல் கஷாயத்தை மட்டும் குடித்தால் கொசுவுக்கு ஒரு நஷ்டமும் இல்லை. காய்ச்சல் விட்ட பிறகும் வயிற்று வலி, விடாத வாந்தி, ரத்தக் கசிவு, அசதி இருந்தால் உடனே ஆஸ்பத்திரிக்குப் போய்விடுங்கள். கஷாயத்தோடு காத்திருக்கிற நேரமல்ல அது.

இத்தனையும் சொன்னதற்குக் காரணம் உங்கள் வாசல் கேட். கையில் நோட்டும் செல்போனுமாக ஒரு பெண் வந்து நிற்கிறார். "வீட்டில் எத்தனை பேர்? யாருக்காவது சுகர், பி.பி. இருக்கா? கர்ப்பிணி இருக்காங்களா?" உடனே நமக்குச் சந்தேகம். "நாங்க பிரைவேட்ல பாத்துக்கறோம்மா" என்று கேட்டைச் சாத்திவிடுகிறோம். அடுக்கு மாடிக் குடியிருப்பானால் வாட்ச்மேனே திருப்பி அனுப்பிவிடுகிறார். அந்த நோட்டில் உங்கள் வீட்டுக்கு எதிரே விழுவதும் ஒரு பெருக்கல் குறிதான்.

இந்த நோட்டின் பலனைப் பிரசவக் கணக்கில் பார்க்கலாம். கிராமத்தில் ஐயாயிரம் பேருக்கு ஒரு துணை சுகாதார நிலையம், அதில் ஒரு கிராம சுகாதார செவிலியர். யார் எத்தனாவது மாதம், யாருக்கு ரத்த சோகை, யாருக்கு முதல் பிரசவம் சிசேரியன் என்று அவர் நோட்டில் இருக்கும். 2018-20 கணக்கின்படி ஒரு லட்சம் பிரசவங்களுக்கு இந்தியாவில் 97 தாய்மார்கள் இறந்தபோது தமிழ்நாட்டில் 54 பேர். இன்னும் குறையவேண்டிய எண்தான். ஆனாலும் இந்த வித்தியாசத்துக்கு அந்த நோட்டும் ஒரு காரணம்.

ஆகவே, அடையாள அட்டையைக் கேட்டுப் பாருங்கள், தப்பில்லை. பார்த்த பிறகு பதில் சொல்லுங்கள். தனியாரிடம் வைத்தியம் பார்ப்பவர்கள் அதையும், கடைசியாக வந்த அளவையும் சொன்னால் போதும், நோட்டில் ஏறிவிடும். அப்படியே சமையலறையில் இருக்கிற அம்மாவையும் கூப்பிட்டுக் கையை நீட்டச் சொல்லுங்கள். சித்த மருந்து சாப்பிடுகிறவர்கள் அதையும் மறைக்காதீர்கள். என்னிடம் வருகிறவர்கள் ஆங்கில மருந்து சாப்பிடுவதை மறைக்கிறார்கள், அங்கே போனால் என் லேகியத்தை மறைக்கிறார்கள்! அழுத்தத்துக்கோ சர்க்கரைக்கோ மாத்திரை சாப்பிடுகிறவர்கள் சூரணம் தொடங்கிவிட்டோம் என்று அதைத் தாங்களாக நிறுத்தவே கூடாது.

வீட்டில் மருமகளோ மகளோ கர்ப்பமாக இருந்தால், பிரசவம் எந்தத் தனியார் ஆஸ்பத்திரியில் என்றாலும் ஆரம்ப மாதங்களிலேயே பதிவு செய்து 'பிக்மி' எண்ணை வாங்கிக்கொள்ளுங்கள். செவிலியர் வீட்டுக்கு வந்தால் அவரிடமே கேட்கலாம், இல்லையென்றால் பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேட்கலாம். குழந்தையின் பிறப்பைப் பதியும்போது அந்த எண்ணைக் கேட்பார்கள்.